நலத்திட்டங்களுக்கான இணையச் சேவையை வடிவமைப்பது எப்படி? மனுவிலிருந்து வங்கிக் கணக்கு வரை ஒரு முழு வழிகாட்டி

அரசு நலத்திட்டம் ஒன்றுக்கு போர்ட்டலோ செயலியோ செய்துதரும் வேலை வந்தால், பெரும்பாலான குழுக்கள் முதலில் கை வைப்பது விண்ணப்பப் படிவத்தில்தான். பெயர், முகவரி, ஆதார் எண், ஆவணப் பதிவேற்றம், சமர்ப்பிக்கும் பொத்தான் என்று திரைகள் வரிசையாகத் தயாராகிவிடும். திறப்பு விழாவும் நடந்துவிடும். மூன்று மாதம் கழித்து வட்டாட்சியர் அலுவலக வாசலில் அதே கூட்டம் அப்படியே நிற்கும்.

மனு போட்டு நிராகரிக்கப்பட்டவர், மனு ஏற்கப்பட்டும் பணம் வராதவர், வந்துகொண்டிருந்த பணம் திடீரென நின்றுபோனவர் ஆகிய மூன்று பேரும்தான் அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள். சேவையை இவர்களிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கி வடிவமைக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. எடுத்துக்காட்டுகளைத் தமிழ்நாட்டின் முதியோர் உதவித்தொகை, கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆகிய இரண்டிலிருந்தும் பெரும்பாலும் எடுத்திருக்கிறேன். மென்பொருள் எழுதுபவர்கள், திரை வடிவமைப்பவர்கள், மாவட்ட அளவில் திட்டத்தை நடத்தும் அலுவலர்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து படித்தால் நல்லது.

படி 1: அரசாணையிலிருந்து கைக்குப் பணம் வரும் வரை வழியை வரையுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு சார்ட் பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். முதியோர் உதவித்தொகையை வைத்தே பார்ப்போம். தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு முன் 1,000 ரூபாய். மத்திய அரசின் திட்டத்தில் வருபவர்களுக்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாயும், 80 வயதிலிருந்து 500 ரூபாயும் மத்தியப் பங்கு. மீதி மாநிலத்தினுடையது. வாங்குபவருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை, ஆனால் உங்களுக்குத் தேவை. பணம் எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத் தகுதி விதியும் ஒதுக்கீடும் மாறும்.

மனு இ-சேவை மையத்தில் பதிவாகும். அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர், அடுத்து வருவாய் ஆய்வாளர், பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். ஒப்புதல் கிடைத்த பின் கருவூலம், வங்கி. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பக்கத்தில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: மனு இப்போது யார் கையில் இருக்கிறது, அவர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார், எத்தனை நாள் அங்கே கிடக்கலாம், அந்த நேரத்தில் மனுதாரருக்கு என்ன தெரியும். நான்காவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். உங்கள் வேலையில் பாதி அந்தக் காலிக் கட்டங்களை நிரப்புவதுதான்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். அன்றுதான் மக்கள் குறைதீர்க்கும் நாள். உள்ளே போவதற்கு முன், வெளியே மர நிழலில் மனு எழுதித் தருபவர்களிடம் உட்காருங்கள். எந்த மனு திரும்பி வருகிறது, எதற்காக வருகிறது, எந்த வார்த்தையை எழுதினால் அதிகாரி கவனிக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எந்தக் கருத்துக்கணிப்பும் தராத தகவல் அவர்களிடம் கிடைக்கும். ஒரு மணி நேரம் அவர்கள் எழுதுவதைப் பார்த்தாலே, மக்கள் தங்கள் கதையை எந்த வரிசையில் சொல்கிறார்கள் என்பது புரியும். முதலில் கணவர் இறந்தது, அடுத்து பிள்ளைகள் பார்த்துக்கொள்ளாதது, கடைசியில்தான் வயது. உங்கள் படிவம் கேட்கும் வரிசை இதற்கு நேர்மாறாக இருக்கும்.

படி 2: தகுதி விதிகளை மக்கள் அறிந்த அளவுகளில் கேளுங்கள்

அரசாணையில் இருக்கும் விதியை அப்படியே கேள்வியாக்கக் கூடாது. மகளிர் உரிமைத் தொகையின் நிபந்தனைகளில் ஒன்று, வீட்டு மின்நுகர்வு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது. 'உங்கள் ஆண்டு மின்நுகர்வு எவ்வளவு?' என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? தமிழ்நாட்டில் மீட்டர் கணக்கெடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஆக வருடத்துக்கு ஆறு முறை, சராசரியாக ஒரு முறைக்கு 600 யூனிட். 'வீட்டு கரண்ட் பில்லில் ஒரு தடவைக்கு 600 யூனிட்டுக்கு மேல் வருகிறதா? எப்போதாவதா, எல்லாத் தடவையுமா?' என்று கேட்டால் பதில் வரும். இன்னும் நல்ல வழி, மின் இணைப்பு எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கை நீங்களே பார்ப்பது.

அதோடு முடியவில்லை. ஒரே மீட்டரில் மாடியும் கீழும் இரண்டு குடித்தனம் இருந்தால், இரண்டு வீட்டு யூனிட்டும் ஒருவர் தலையில் விழும். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், குடியிருப்பவர் வேறு ஆள். 'இந்த மீட்டரில் வேறு குடும்பமும் இருக்கிறதா?' என்ற ஒரு கேள்வியைச் சேர்த்தால், பின்னால் வரப்போகும் பல மேல்முறையீடுகளை முன்கூட்டியே தவிர்க்கலாம். 5 ஏக்கர் நன்செய், 10 ஏக்கர் புன்செய் என்ற நில வரம்புக்கும் இதே கதைதான். பாகம் பிரிக்காத பூர்வீக நிலம் கூட்டுப் பட்டாவில் இருந்தால் ஏழு பேருடைய நிலமும் ஒருவருடையதாகத் தெரியும்.

இன்னொரு பக்கம், எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது என்ற முடிவை மக்கள் தலையில் போடாதீர்கள். தமிழ்நாட்டின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களில் கணவரை இழந்த பெண்களுக்கென்று இரண்டு வழி உண்டு: மத்திய அரசின் திட்டத்துக்கு 40 வயது ஆகியிருக்க வேண்டும், மாநிலத் திட்டத்துக்கு 18 வயது போதும். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு ஒரு திட்டம், 50 வயதைக் கடந்த திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு ஒரு திட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஊனத்தின் சதவீதத்தைப் பொறுத்துத் தனித்தனி விதி. 38 வயதில் கணவரை இழந்த ஒருவர் பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட திட்டத்தைத் தட்டினால் 'தகுதி இல்லை' என்று வரும். அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த வரியில் அவருக்கான திட்டம் இருந்தது அவருக்குத் தெரியாமலே போகும். ஆகவே நிலைமையைக் கேளுங்கள், திட்டத்தை நீங்கள் கண்டுபிடியுங்கள். 2022 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய 'மைஸ்கீம்' தளம் இந்த யோசனையில்தான் இயங்குகிறது. வயது, பாலினம், மாநிலம், வருமானம் போன்ற சில கேள்விகளுக்குப் பிறகு பொருந்தும் திட்டங்களைக் காட்டுகிறது.

தேடுபெட்டி வைத்தால் மக்கள் என்ன தட்டுவார்கள் என்று பாருங்கள். 'இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம்' என்று யாரும் தட்டமாட்டார்கள். 'ஓஏபி', 'முதியோர் பணம்', 'வயசானவங்க பென்ஷன்' என்றுதான் தட்டுவார்கள், பாதிப் பேர் தங்கிலீஷில். இவை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும்.

விதிகளை மென்பொருளுக்குள் புதைத்துவிடாதீர்கள். மகளிர் உரிமைத் தொகைக்கான முகாம்கள் நடந்துகொண்டிருந்த 2023 ஆகஸ்டிலேயே, முதியோர் உதவித்தொகை வாங்குபவர் இருக்கும் குடும்பத்தின் மற்ற பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. இப்படி நடக்கும், நடக்கவும் வேண்டும். விதிகள் தனி அட்டவணையாக, எந்தத் தேதியிலிருந்து எந்த விதி என்ற குறிப்போடு இருந்தால், நேற்று நிராகரிக்கப்பட்டவர்களில் இன்று தகுதி பெற்றவர்கள் யார் என்பதை நீங்களே எடுத்து, அவர்களை நீங்களே கூப்பிடலாம்.

கடைசியாக ஒன்று. தகுதி பார்க்கும் பக்கம் வழிகாட்ட மட்டும்தான். 'உங்களுக்குத் தகுதி இல்லை' என்று சொல்லி மனு போடும் வழியை அது மூடக் கூடாது. 'நீங்கள் சொன்ன விவரப்படி கிடைப்பது கடினம், காரணம் இது. இருந்தாலும் மனு கொடுக்கலாம்' என்று சொல்லட்டும். முடிவெடுக்கும் பொறுப்பு கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு உரியது.

படி 3: பெயர், வயது, போன் நம்பர்

எனக்குத் தெரிந்து மனுக்கள் அதிகம் முட்டிக்கொண்டு நிற்பது இந்த மூன்றிலும்தான்.

தமிழ்ப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆனால் வெளியிலிருந்து வாங்கிய படிவ வார்ப்புருவில் 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்று இருக்கும். ஒரு இடத்தில் இனிஷியலைப் போடுவார்கள், இன்னொரு இடத்தில் அப்பா பெயரை விரித்து எழுதுவார்கள், மூன்றாவது இடத்தில் ஒரு புள்ளியை வைத்து ஒப்பேற்றுவார்கள். மு. செல்வி என்ற ஒருவர் ரேஷன் கார்டில் 'செல்வி', ஆதாரில் 'செல்வி முருகன்', வங்கிப் பாஸ்புக்கில் 'எம் செல்வி', வாக்காளர் அட்டையில் 'செல்வி கோவிந்தன்' என்று இருப்பார். முதலில் வெறும் பெயர், அடுத்த இரண்டில் அப்பா, கடைசியில் கணவர். ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. தமிழ்ச்செல்வி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதப் பத்து வழி உண்டு. எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் ஏற்பேன் என்று கணினி அடம் பிடித்தால், ஏழைகளில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

இதற்கு ஒரு பெயர்ப் பெட்டி போதும். இனிஷியலைத் தனியாக, விருப்பமிருந்தால் மட்டும் கேளுங்கள். ஆவணங்களில் இருக்கும் பெயர்களை எல்லாம் 'வேறு பெயர்கள்' என்று சேமியுங்கள். ஒப்பிடும்போது இனிஷியலை விலக்கி, புள்ளி, இடைவெளி, எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளைப் பொறுத்துக்கொள்ளும்படி ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் மனுவை மறுக்காமல் மனிதர் பார்வைக்கு அனுப்புங்கள். ரேஷன் கார்டில் இருக்கும் மற்ற உறுப்பினர்களின் பெயரையும் சேர்த்துப் பார்த்தாலே இவர் அவர்தான் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வயதில் வேறு பிரச்சினை. இன்று எழுபதைத் தொடும் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, பள்ளிக்கூடம் போன பதிவும் கிடையாது. ஆதார் எடுத்த அன்று யாரோ ஒருவர் பார்த்து உத்தேசமாகப் போட்ட வருடம்தான் அவர்களுடைய வயது. ஊரில் ஒரே தேதியில் பலர் பிறந்திருப்பதாகப் பட்டியல் காட்டும். நடை தளர்ந்த பாட்டிக்கு ஆதாரில் 57 வயது என்றால், அதைத் திருத்த எங்கே போவது, எந்த ஆவணம் செல்லும் என்பதை அதே திரையில் சொல்லுங்கள். வேறு சான்றை வைத்து முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்பதை அரசாணையிலேயே தெளிவாக்கும்படி துறையிடம் கேளுங்கள்.

போன் நம்பரை ஆளுக்கு ஒன்று என்று நினைக்காதீர்கள். ஒரு வீட்டில் ஒரு போன், அதுவும் மகனோடு திருப்பூருக்குப் போயிருக்கும். ஓடிபி அங்கே போய் விழும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதம் கழித்து வேறொருவருக்குப் போகலாம். அப்படியானால் பாட்டியின் மனு விவரம் முகம் தெரியாத ஒருவருக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். 'இது யாருடைய போன்? உங்களுடையதா, மகனுடையதா, பக்கத்து வீட்டாருடையதா?' என்று கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். ஒரே எண்ணில் பல மனுக்களை அனுமதியுங்கள். எண்ணை மாற்றும் வழி, பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பிச் சரிபார்ப்பதாக மட்டும் இருக்கவே கூடாது.

படி 4: அரசிடம் இருக்கும் காகிதத்தை மக்களிடம் கேட்காதீர்கள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் இ-சேவை வழியாக அரசே கொடுத்தது. சான்றிதழ் எண்ணை வாங்கிச் சரிபாருங்கள். ரேஷன் கார்டு விவரம் உணவுத் துறையிடம் இருக்கிறது. அரசு ஆவணங்களை மின்னணு வடிவில் வைத்துக்கொள்ளும் டிஜிலாக்கர் 2015-லிருந்து இருக்கிறது. படமெடுத்துப் பதிவேற்றியே ஆக வேண்டும் என்றால், மங்கலான படத்தை ஏற்றும் நொடியிலேயே சொல்லிவிடுங்கள், 20 நாள் கழித்து நிராகரித்துச் சொல்லாதீர்கள். கோப்பு 200 கேபிக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மனுதாரரிடம் வைக்காமல், சுருக்கும் வேலையை உங்கள் மென்பொருளே செய்யட்டும்.

படி 5: பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக் கொடுப்பவருக்கும் சேர்த்து வடிவமையுங்கள்

நலத்திட்டம் யாருக்குத் தேவையோ அவர் உங்கள் திரையைப் பெரும்பாலும் தொடவே மாட்டார். இ-சேவை மையத்துப் பெண், பேரன், ரேஷன் கடை ஊழியர், மகளிர் குழுத் தலைவி, கட்சிக்காரர் என்று யாராவது ஒருவர்தான் தட்டுவார். மகளிர் உரிமைத் தொகையில் ரேஷன் கடை ஊழியர்கள் வீடுவீடாகப் போய் டோக்கனும் விண்ணப்பமும் கொடுத்தார்கள். பிறகு முகாமில் தன்னார்வலர்கள் செயலியில் ஏற்றினார்கள். சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள் சில வாரங்களில் பதிவானதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். ஒவ்வொருவரும் தானே இணையத்தில் பதியட்டும் என்று விட்டிருந்தால் அந்த எண்ணிக்கையை நினைத்தே பார்க்க முடியாது.

ஆக, உதவுபவரை மறைமுகமான ஆளாக வைக்காமல் வெளிப்படையான பாத்திரமாக வையுங்கள். 'நீங்கள் உங்களுக்காக நிரப்புகிறீர்களா, வேறொருவருக்காகவா?' என்பது முதல் கேள்வி. வேறொருவருக்காக என்றால், அடுத்த திரைகளில் 'உங்கள் வயது' என்பது 'அவருடைய வயது' என்று மாற வேண்டும். கடைசியில் எல்லா விவரத்தையும் உரக்கப் படித்துக் காட்டும் ஒலிப்பொத்தான் ஒன்று வேண்டும், பாட்டி கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லலாம். ஒப்புகைச் சீட்டில் மனு எண், தேதி, அடுத்து யார் வருவார், என்று வருவார், கட்டணம் எவ்வளவு வாங்கப்பட்டது என்ற ஐந்தும் பெரிய எழுத்தில் தமிழில் இருக்கட்டும். கட்டணத்தை அச்சிட்டுக் கொடுத்தால் கூடுதலாக வாங்குவது தானாகக் குறையும்.

மின்சாரமும் நெட்வொர்க்கும் போய்ப் போய் வரும் இடம் இது. ஏழாவது திரையில் தொடர்பு அறுந்தால் ஏழாவது திரையிலிருந்தே தொடர வேண்டும். இ-சேவை மையத்தில் பின்னால் இருபது பேர் நிற்கும்போது முதலிலிருந்து தட்டச் சொன்னால், அந்த மனுதாரர் 'நாளைக்கு வாங்க' என்று திருப்பி அனுப்பப்படுவார். ஒரு நாள் கூலி போய்விடும்.

படி 6: விரல்ரேகை விழாதபோது என்ன செய்வது என்பதை முதலிலேயே எழுதுங்கள்

கொத்து வேலை, கல்லுடைப்பு, பாத்திரம் தேய்ப்பு, முதுமை ஆகிய காரணங்களால் ரேகை தேய்ந்தவர்கள்தான் நலத்திட்டத்தின் முதன்மைப் பயனாளிகள். கருவி அவர்கள் விரலை அறியாமல் போவது அபூர்வமாக நடப்பதில்லை, தினசரி நடக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, மானியங்களுக்கு ஆதாரைக் கேட்க அரசுக்கு இடம் தருகிறது; அதே பிரிவு, ஆதார் எண் இன்னும் வழங்கப்படாதவருக்கு மாற்று அடையாள வழி தர வேண்டும் என்றும் சொல்கிறது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை ஏற்றபோது, அங்கீகாரம் தோற்றுப்போனதால் மட்டும் தகுதியானவருக்கு உதவி மறுக்கப்படக் கூடாது என்பதும் பதிவானது.

விரல், பிறகு கருவிழி, பிறகு ஓடிபி, அதுவும் இல்லையென்றால் நியமிக்கப்பட்ட உறவினர், கடைசியாக அலுவலர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி ஒப்புதல் என்று படிக்கட்டு மாதிரி மாற்று வழிகள் வேண்டும். மூன்று முறை தோற்றவுடன் திரை தானாக அடுத்த படிக்குப் போக வேண்டும். கையால் ஒப்புதல் கொடுக்கும் அலுவலர் பின்னால் விசாரணைக்கு ஆளாவார் என்ற பயம் இருந்தால் அந்த வழியைத் தொடவே மாட்டார். அவருக்குப் பாதுகாப்பாக விதிமுறை எழுதித் தரச் சொல்லுங்கள். வாசல் வரை வர முடியாதவர்களும் உண்டு. 2025 ஆகஸ்டில் தமிழ்நாடு தொடங்கிய தாயுமானவர் திட்டம், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருட்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. கருவி அவர்களைத் தேடிப் போகும் இந்த முறையைப் பதிவுக்கும் ஆண்டுச் சரிபார்ப்புக்கும் பயன்படுத்த முடியும்.

படி 7: கிராம நிர்வாக அலுவலரின் திரை

மக்கள் பார்க்கும் பக்கத்துக்கு ஆறு மாதம் உழைப்பார்கள். அலுவலர் பார்க்கும் பக்கம் ஒரு அட்டவணையும் இரண்டு பொத்தானுமாக இருக்கும்: 'பரிந்துரை', 'நிராகரி'. தாமதம் பிறப்பது இங்கேதான்.

ஒரு கிராம நிர்வாக அலுவலருக்கு அடங்கல், பட்டா மாறுதல், சான்றிதழ் விசாரணை, வெள்ள நிவாரணக் கணக்கு, தேர்தல் வேலை என்று தலைக்கு மேல் இருக்கும். அவருக்குத் தெருவாரியாகப் பிரித்த பட்டியல் கொடுங்கள், ஒரே நடையில் பத்து வீட்டை முடித்துவிடுவார். போனிலேயே வேலை நடக்க வேண்டும், சிக்னல் இல்லாத இடத்திலும். கணினி ஏற்கெனவே சரிபார்த்ததைப் பச்சையில் காட்டி, அவர் நேரில் பார்க்க வேண்டியதை மட்டும் கேள்வியாகக் கேளுங்கள். மற்றதெல்லாம் அவருக்குச் சுமை.

'நிராகரி' பொத்தானைத் தட்டினால் காரணப் பட்டியல் வர வேண்டும். 'இதர காரணங்கள்' என்ற வரி அதில் இருக்கக் கூடாது, இருந்தால் எல்லாரும் அதையே தட்டுவார்கள். 'கதவு பூட்டியிருந்தது' என்பது நிராகரிப்புக் காரணமாக இருக்கவே கூடாது, அது மறுபடி போக வேண்டிய வேலை.

படி 8: நிராகரிப்பை நன்றாக எழுதுங்கள்

வேறு எதற்கு நேரம் இல்லாவிட்டாலும் இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். 2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கு வந்த 1.63 கோடி விண்ணப்பங்களில் சுமார் 1.06 கோடி ஏற்கப்பட்டது. அப்படியென்றால் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இல்லை என்ற பதில் போயிருக்கிறது. அவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் சொல்லப்பட்டது. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யவும் வழி வைக்கப்பட்டது. நவம்பரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டார்கள். மேல்முறையீடு என்ற கதவு இல்லாமல் இருந்திருந்தால் இவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

'தங்கள் விண்ணப்பம் தகுதியின்மை காரணமாக நிராகரிக்கப்பட்டது' என்ற செய்தியால் ஒருவருக்கும் பயனில்லை. அதே இடத்தில் இப்படி எழுதலாம்:

'செல்வி, உங்கள் மனு ஏற்கப்படவில்லை. காரணம்: உங்கள் கணவர் பெயரில் கார் இருப்பதாகப் போக்குவரத்துத் துறைப் பதிவு காட்டுகிறது. காரை விற்றுவிட்டீர்களா? விற்ற ரசீதோடு இ-சேவை மையத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.'

எந்தப் பதிவிலிருந்து எந்தத் தகவல், அது தவறாக இருந்தால் எதைக் கொண்டு எங்கே போவது, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. வண்டியை விற்றும் ஆர்.சி. மாற்றாமல் விட்டவர்கள் நம் ஊரில் ஏராளம். இப்படி எழுதினால்தான் அவர்களால் வாதாட முடியும்.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கலைச் சொல்ல வேண்டும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70 குறிகள்தான். 'தி' என்று ஒரு எழுத்து போட்டாலே இரண்டு குறி போய்விடும். மேலே உள்ள செய்தி நான்கைந்து துண்டாகத்தான் போகும், செலவும் அத்தனை மடங்கு. செலவைக் குறைக்க ஆங்கிலத்தில் அனுப்பும் யோசனை கூட்டத்தில் கண்டிப்பாக வரும். விடாதீர்கள். செய்தியை இறுக்கி எழுதுங்கள், நீண்ட விளக்கத்தைப் பதிவு செய்த குரலழைப்பாக அனுப்புங்கள். வார்ப்புருக்களை முன்கூட்டியே தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் பதிய வேண்டும் என்பதால், ஒவ்வொரு நிராகரிப்புக் காரணத்துக்கும் செய்தி வாசகத்தை முதல் மாதத்திலேயே எழுதி முடியுங்கள். சுருக்கிய இணைப்புகளைச் செய்தியில் வைக்க வேண்டாம். மோசடிக்காரர்கள் அனுப்புவதும் அதே மாதிரிதான் இருக்கும்.

மேல்முறையீட்டுக்குப் புதுப் படிவம் வேண்டாம். பழைய மனு எண்ணும், மறுக்கும் ஒரு தகவலும், அதற்கான ஒரு சான்றும் போதும். முதலில் மறுத்தவரே மேல்முறையீட்டையும் பார்ப்பதாக இருக்கக் கூடாது.

படி 9: பணம் கணக்கில் ஏறும் வரை சேவை முடிவதில்லை

ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்தில், பணம் கடைசியாக எந்த வங்கியோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கே போகும். மனுவில் எழுதிய கணக்குக்குப் போக வேண்டும் என்பதில்லை. 2017-இல் ஒரு பேமெண்ட்ஸ் வங்கி, சிம் சரிபார்ப்புக்கு வந்தவர்களின் பெயரில் அவர்களுக்கே தெரியாமல் கணக்கு திறந்ததால், லட்சக்கணக்கானவர்களின் கேஸ் மானியம் அங்கே போய் விழுந்தது. 'பணம் வரவில்லை' என்று புலம்புபவரின் பணம் வேறொரு கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே 'உங்கள் பணம் இந்த வங்கிக்குப் போகிறது' என்று வங்கியின் பெயரையும் கணக்கின் கடைசி நான்கு எண்களையும் ஒப்புதலுக்கு முன்பே காட்டுங்கள்.

கணக்கு எண் வழியாக அனுப்பினால் வேறு தொல்லை. வங்கிகள் இணைந்தபோது பழைய ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் காலாவதியாயின. சிண்டிகேட் வங்கி 2020-இல் கனரா வங்கியோடு இணைந்தது. அதன் பழைய குறியீடு 2021 ஜூலையிலிருந்து செல்லாது. பாஸ்புக்கோ இன்னும் பழையதுதான். பழைய குறியீட்டைப் போட்டால் புதியதைக் கணினியே கண்டுபிடித்துத் தர வேண்டும். மகளிர் உரிமைத் தொகையில் முதலில் 1 ரூபாய் அனுப்பிக் கணக்கைச் சோதித்தார்கள். எல்லாத் திட்டத்திலும் பின்பற்ற வேண்டிய எளிய, மலிவான வழி அது.

பணம் ஏறியும் கைக்கு வராத நிலை ஒன்று உண்டு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்த கையோடு சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அதைப் பிடித்துக்கொண்டன. மாநில அரசு தலையிட்டுக் கண்டிக்க வேண்டியிருந்தது. குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லும் கடிதத்தை ஒப்புகைச் சீட்டோடே அச்சிட்டுக் கொடுக்கலாம்.

படி 10: நிறுத்துவதற்கு முன் கேளுங்கள்

2022 செப்டம்பரில் ஹரியானாவின் ரோத்தக்கில் 102 வயது முதியவர் ஒருவர் மாப்பிள்ளை ஊர்வலம் போல வண்டியில் ஊர்வலம் வந்தார். அரசுப் பதிவில் அவர் இறந்துவிட்டதாக இருந்ததால் ஓய்வூதியம் நின்றுபோயிருந்தது. உயிரோடிருப்பதை ஊருக்குக் காட்ட அவருக்கு இருந்த வழி அது. சேவையில் 'நான் உயிரோடிருக்கிறேன்' என்று சொல்ல ஒரு இடம் இருந்திருந்தால் இந்த ஊர்வலமே தேவைப்பட்டிருக்காது.

பதிவுகளை ஒப்பிட்டுத் தகுதியற்றவரைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் பெயர்களைக் காட்டலாம், பணத்தை நிறுத்தக் கூடாது. இறப்பு, இரட்டைப் பதிவு, வருமானம் என்று எந்தக் காரணமாக இருந்தாலும் முதலில் அறிவிப்பு, பிறகு வீட்டுக்கு ஒரு ஆள், பிறகு அதிகாரியின் கையெழுத்து. அதுவரை பணம் போய்க்கொண்டே இருக்கட்டும். தவறாக நின்றது என்று தெரிந்தால் நின்ற மாதங்களுக்கும் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடு இருக்க வேண்டும். பெரும்பாலான மென்பொருளில் 'நிலுவைத் தொகை' என்ற வசதியே இருப்பதில்லை, அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

படி 11: எதைத் திறந்து வைப்பது, எதை மூடி வைப்பது

ராஜஸ்தான் 2019 செப்டம்பரில் தொடங்கிய ஜன் சூச்னா தளம், தகவல் உரிமைச் சட்டத்தின் 4(2) பிரிவை நடைமுறையில் காட்டியது. கேட்காமலே அரசு தகவலை வெளியிட வேண்டும் என்பது அந்தப் பிரிவு. எந்த ஊரில் எத்தனை மனு, எத்தனை நாளாக யாரிடம் நிற்கிறது என்பதையெல்லாம் யாரும் பார்க்கும்படி வையுங்கள். ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள்.

ஆனால் ஆதார் எண், கணக்கு எண், போன் நம்பர், ஊனத்தின் வகை, கணவனால் கைவிடப்பட்டவர் என்ற விவரம் போன்றவை ஒருபோதும் வெளியே வரக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்போது இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், உதவி கேட்டு வந்த பெண்ணின் வீட்டுக் கதையை ஊருக்குச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

படி 12: ஒரு வட்டத்தில் நடத்திப் பார்த்து, சரியானதை எண்ணுங்கள்

மாநிலம் முழுக்க ஒரே நாளில் திறக்காமல் ஒரு வட்டத்தில், முடிந்தால் மலையும் சமவெளியும் கலந்த வட்டத்தில், மூன்று மாதம் நடத்துங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனிலும், இ-சேவை மையத்தின் பழைய கணினியிலும், கண் தெரியாதவர் பயன்படுத்தும் திரைவாசிப்பானிலும் ஓட்டிப் பாருங்கள்.

பதிவிறக்கம், உள்நுழைவு, வந்த மனுக்களின் எண்ணிக்கை என்ற கணக்கை முதலமைச்சர் அலுவலகத்துக்கான பக்கத்தில் யார் வேண்டுமானாலும் போடட்டும். உங்கள் குழுவின் சுவரில் வேறு கணக்கு இருக்கட்டும். மனு போட்ட நாளிலிருந்து முதல் பணம் வரை எத்தனை நாள், பாதிப் பேருக்கு எவ்வளவு, கடைசிப் பத்து சதவீதத்துக்கு எவ்வளவு. ஒரு மனுவுக்காக ஒருவர் எத்தனை முறை அலைந்தார். மேல்முறையீட்டில் எத்தனை சதவீதம் வென்றது. அது அதிகமாக இருந்தால் முதல் முடிவு தவறாக எடுக்கப்படுகிறது என்று பொருள். எந்தப் பதிவேட்டின் பிழையால் அதிகம் பேர் மறுக்கப்பட்டார்கள் என்று தனியாக எடுத்தால், மின்வாரியமோ போக்குவரத்துத் துறையோ எதைத் திருத்த வேண்டும் என்று பட்டியலோடு போய்க் கேட்கலாம்.

இன்னொரு கணக்கும் எடுங்கள். ரேஷன் கார்டுப் பட்டியலில் 60 வயதைக் கடந்து, தனியாக வசித்து, எந்த ஓய்வூதியமும் வாங்காமல் இருப்பவர்கள் யார் யார் என்று பார்த்தால், மனுவே போடாதவர்கள் தெரிவார்கள். அந்தப் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள். அடுத்த வாரம் அவர் போகும் வழியில் அந்த வீடுகளின் கதவையும் தட்டட்டும்.